மூன்று டொமைன், ஒரு பெட்டி

எங்கள் அண்ணியைப் போல ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக அவர் செய்த ஒரு தப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு யாராவது "இவ்வளவுதானா உங்க அண்ணி?" என்று ஆரம்பித்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

நாங்கள் மூன்று பேர். அப்பா தராசுக் கம்பெனி நடத்தினார். அவர் போன பிறகு அது மூன்றாகப் பிரிந்தது. அண்ணன் புதுத் தராசு விற்கிறார். நான் கெட்டுப்போன தராசைச் சரிசெய்கிறேன். தங்கை எடைக்கற்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறாள். பிரிகிற அன்று என் வேலையாட்கள் நாலு பேர் முன்னால் வைத்து அண்ணன் கேட்டார்: "ரிப்பேர்ல என்னடா இருக்கு? பழைய மெஷினத் தொடைச்சுக் குடுக்கறதெல்லாம் ஒரு தொழிலா?" அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான். மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அவர் கைக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பைக்கூட நான் தங்கையிடம்தான் கேட்பேன். இத்தனைக்கும் கோபத்திலும் எனக்கு 'அவர்' என்றுதான் வாயில் வருகிறது. வளர்ப்பு அப்படி, என்ன செய்வது!

மூன்று கடைக்கும் மூன்று பெயர்; மின்னஞ்சல் முகவரியின் வாலில் வரும் டொமைனும் மூன்று. மூன்றின் மின்னஞ்சலையும் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி, ஒரு மாதத்தில் கடையைச் சாத்தப்போகிறோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி ஒரு கல்லூரியில் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். "மூணு டொமைனுக்கும் ஒரே சர்வர் போதும் தம்பி, நானே போட்டுத் தரேன்" என்றார்.

நான் குதித்தேன். "எதுக்கு? என் கடிதத்தையெல்லாம் உங்க வீட்டுக்காரர் உக்காந்து படிக்கறதுக்கா?"

"உங்க கடிதத்துல அப்படி என்ன ரகசியம் இருக்கு? தராசு முள்ளு நிக்கலன்னு எழுதியிருப்பாங்க" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒருத்தர் பெட்டிய இன்னொருத்தர் பார்க்க முடியாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றார். அவர் பொறுப்பு என்று சொன்னால் அதற்கு மேல் யாருக்கும் பேச்சு கிடையாது.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒரு நோட்டும் பென்சிலுமாக என் பட்டறைக்கு வந்தார். எந்தெந்த முகவரிக்குக் கடிதம் வருகிறது, யார் படிக்கிறார்கள், வேலையை விட்டுப் போனவர் பெயருக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆள் ஆளாகக் கேட்டு எழுதினார். நாங்கள் சரிசெய்த தராசுகளின் அடியில் ஒட்டுகிற சீட்டைக் குனிந்து பார்த்து, அதில் அச்சாகியிருந்த பழைய முகவரி ஒன்றைக் கண்டுபிடித்தார். எனக்கே அது மறந்துபோயிருந்தது. "யாராவது இதப் பார்த்து எழுதினா அது உங்களுக்கு வந்து சேரணும் இல்லையா?" என்று அதையும் எழுதிக்கொண்டார். மூன்று டொமைனுக்கும் சேர்த்து நாற்பத்தொரு முகவரி.

இரண்டு தெரு தள்ளி அண்ணன் கடை. அதன் மாடியில் அண்ணியின் சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு திரை, சன்னலோரம் துண்டைப் போட்டு மூடிய பழைய பிரின்டர். அங்கே உட்கார்ந்து பத்து நாள் வேலை செய்தார். நடுவில் ஒரு நாள் பட்டறைக்கு வந்து எனக்கும் விளக்கினார். இந்த மூன்று டொமைனுக்கும் வரும் கடிதத்தை இந்த சர்வர் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாத பெயருக்கு வந்தால் வாசலிலேயே திருப்பிவிட வேண்டும். "வாங்கி வச்சிக்கிட்டு யாருக்குக் குடுக்கறதுன்னு முழிக்கக் கூடாது. அனுப்பினவங்களுக்கு அப்பவே தெரியணும்" என்றார். வருகிற ஒவ்வொரு கடிதத்திற்கும் முதல் வாரம் மட்டும் ஒரு நகல் தனியாகச் சேர்த்து வைக்கப் போவதாகவும் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "முதல் வாரம் யாரையும் நம்பக் கூடாது தம்பி. என்னையும் சேர்த்துத்தான்."

எனக்கு அந்த வாரம் ஒரு பெரிய கவலை. காரணம் சர்வர் இல்லை, ஆஸ்பத்திரி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது தராசுகள் பழுதாகிக் கிடந்தன. அவற்றைச் சரிசெய்து வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். அந்த வாரம் முடிவு வரும். வந்தால் பட்டறை பிழைக்கும். வராவிட்டால் மாதக் கடைசியில் மூடவேண்டியதுதான். நாலு பேரிடமும் இன்னும் சொல்லவில்லை. அதில் ஒருவர் அப்பா காலத்து ஆள், கண்ணை மூடிக்கொண்டே ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சொல்வார். அவரிடம் என்னவென்று சொல்வது?

திங்கட்கிழமை காலை சர்வர் ஓடத் தொடங்கியது. அண்ணி மூன்று பேருடைய 'ஆபீஸ்' முகவரிக்கும் தலைக்கு ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிவிட்டு போன் செய்தார். "வந்துச்சா தம்பி?"

"வந்துச்சு அண்ணி."

என் பெட்டியில் வந்திருந்தது ஒன்றல்ல, மூன்று. சோதனைதானே, மூன்று முறை அனுப்பியிருப்பார் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் யாரோ ஒரு கடைக்காரர் புதுத் தராசு விலை கேட்டு எழுதியிருந்தது வந்தது. முகவரியைப் பார்த்தேன், அண்ணனுடையது. சாயந்திரம் தங்கைக்கு ஒன்று. எனக்குப் புரிந்துவிட்டது, மூன்று பேர் கடிதமும் ஒரே பெட்டியில் விழுகிறது. போனை எடுத்து அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணன் தொழில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாமே என்று ஒரு அற்ப ஆசை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறக்கிறேன், ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம்! திறக்கப் போகும்போதுதான் பார்த்தேன், முகவரி அண்ணனுடையது. 'தராசுகள் குறித்து' என்று தலைப்பு.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஆக, இவரும் எழுதிப் போட்டிருக்கிறார்! நாற்பது பழசையும் தூக்கி எறியுங்கள், நான் புதுசு தருகிறேன் என்று என் வாயிலிருக்கும் சோற்றைப் பிடுங்கப் பார்க்கிறார்! திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒழி என்று அழித்தேன். அழித்தவை போய்க் கிடக்கும் இடத்திலிருந்தும் சேர்த்து அழித்தேன். அண்ணன் பதினொரு மணிக்குத்தான் கடைக்கு வருவார், ஒன்றும் தெரியாது. அன்றைக்கெல்லாம் ஏதோ சாதித்துவிட்டதுபோல இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்.

"சார், உங்க அண்ணன் இன்னும் பதில் போடலையே. புதன்கிழமையே எழுதிட்டோம். நீங்க சரிபண்றதுக்கு, தராசு வித்தவர்ங்கற முறையில அவரோட சம்மதம் எழுத்துல வேணும். பன்னெண்டு மணிக்கு ஃபைல் மேல போயிடும். அதுக்கப்புறம் நாப்பதும் புதுசாவே வாங்கிடுவாங்க. நீங்க கொஞ்சம் அவர்கிட்ட சொல்லக்கூடாதா?"

போனை வைத்துவிட்டு எழுந்து ஓடினேன். இரண்டு தெருவும் ஓட்டம்தான். அந்த மாடிப்படியை மூன்று வருஷமாக நான் மிதித்ததில்லை.

"அண்ணி, ஒரு கடிதம் காணாமப் போச்சு."

"யாரோடது?"

"அண்ணனோடது."

அண்ணி திரையிலிருந்து தலையைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவர் கடிதம் காணாமப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... என் பெட்டிக்கு வந்துச்சு" என்று மென்று விழுங்கினேன்.

வேறொருவராக இருந்தால் அது எப்படி நடக்கும், உங்கள் கணினியில்தான் கோளாறு என்று ஆரம்பித்திருப்பார்கள். அண்ணி நோட்டைப் புரட்டினார். திரையில் ஒரு கோப்பைத் திறந்தார். ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார். முகம் சிவந்துபோனது.

"தப்பு என்னோடதுதான். வாசல்ல மூணு டொமைனையும் சரியாத்தான் பிரிச்சிருக்கேன். உள்ள கொண்டுபோய்ப் போடற பெட்டிக்குப் பேர் வைக்கும்போது, ஆளோட பேர மட்டும் எழுதிட்டு டொமைன எழுதாம விட்டுட்டேன். மத்தவங்களுக்கெல்லாம் வேற வேற பேரு, அதனால தெரியல. உங்க மூணு பேருக்கும்தான் 'ஆபீஸ்'னு ஒரே பேரு. மூணு பேருக்கும் ஒரே பெட்டி." பேசிக்கொண்டே அந்த வரியைத் திருத்தினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சட்டென்று திரும்பினார். "அப்போ திங்கட்கிழமை ஒவ்வொருத்தருக்கும் மூணு சோதனைக் கடிதம் வந்திருக்கணுமே! ஒருத்தராவது சொன்னீங்களா?"

அண்ணி என் தங்கைக்குப் போன் போட்டார். அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "எனக்கும்தான் வந்துச்சு அண்ணி! அண்ணனுங்க ரெண்டு பேரும் ராசியாகிட்டாங்க, எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துட்டீங்கன்னு நெனச்சேன். சந்தோஷத்துல கேட்கக்கூட இல்ல."

அண்ணி போனை வைத்தார். "என்ன குடும்பம் இது! வேற எங்க போட்டிருந்தாலும் இந்தத் தப்பு அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்திருக்கும். இங்க அஞ்சு நாள்! ஒருத்தரோட ஒருத்தர் பேசினாத்தானே?" என்று பொரிந்தார். கை மட்டும் நிற்கவேயில்லை. தனியாகச் சேர்த்து வைத்த நகல்களுக்குள் போய் அந்தக் கடிதத்தை எடுத்துவிட்டார். பிரின்டரின் மேலிருந்த துண்டை இழுத்துப் போட்டு அதை அச்சிட்டு என் கையில் கொடுத்தார்.

'புதிதாக நாற்பது தராசுகளை உங்களிடம் வாங்க முன்வந்தபோது, அது தேவையில்லை, என் தம்பி சரிசெய்தால் இன்னும் பத்து வருடம் உழைக்கும், அவனுடைய கைக்கு ஈடு கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். இவற்றில் பிறந்த குழந்தைகளை நிறுக்கும் தராசுகளையும் அவரிடமே தரலாமா என்பதை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் உறுதிசெய்யவும்.'

இரண்டாவது முறை படிக்கையில் எழுத்துகள் கலங்கின. நாற்பது தராசு. என் அண்ணன் நாற்பது புதுத் தராசை விற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவரும் சொல்லவில்லை.

நிமிர்ந்தபோது அண்ணி இன்னொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்வர் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. புதன்கிழமை, ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம், என் டொமைனின் பெயர், பக்கத்தில் 'அழிக்கப்பட்டது'. அவர் அதைப் படித்துவிட்டார். நானும் படித்துவிட்டேன்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன். அண்ணி கையை நீட்டி அந்தத் திரையை மூடினார்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் அண்ணியைப் பார்த்து, "என்ன விஷயம்?" என்றார்.

"என்னாலதாங்க" என்றார் அண்ணி. "பெட்டிக்குப் பேர் வச்சதுல ஒரு வார்த்தைய விட்டுட்டேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்களுக்கு வந்த கடிதம் அதுல தொலைஞ்சிடுச்சு. இப்பத்தான் எடுத்தேன். முழுக்க என் தப்பு."

இருபது வருஷமாக சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற பெண். கணக்கு வழக்கில்லாத ஆட்களின் கடிதங்களைக் கண்ணாகக் காப்பாற்றியவர். என் அசிங்கத்தைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு, புருஷன் முன்னால் முகம் சிவக்க நிற்கிறார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"தொலையலண்ணா" என்றேன். மூன்று வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. "நான்தான் அழிச்சேன். நீங்க எனக்குப் போட்டியா எழுதிப் போட்டீங்கன்னு நெனச்சு, படிக்காமலே அழிச்சேன். அண்ணி மேல தப்பில்ல."

அண்ணன் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். படித்தார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

"உன்னுதும் என் பெட்டிக்கு வந்துச்சு" என்றார். "தொட்டா உனக்குக் கோபம் வரும்னு நான் திறக்கல. இவகிட்ட சொன்னா, நீ கேட்டுட்டு மறுபடி குதிப்பியோன்னு அதையும் சொல்லல." நாற்காலியை இழுத்து அண்ணியின் மேசை முன் உட்கார்ந்தார். "குழந்தைங்க தராசு எத்தன கிராம் வரைக்கும் சுத்தமாக் காட்டணும்? எனக்கு விக்கத்தான் தெரியும். நீ சொல்லு, நான் அடிக்கறேன்."

சொன்னேன். ஒற்றை விரலால் அடித்தார். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார். பதினொன்று நாற்பத்தைந்துக்குக் கடிதம் போனது. நான் பட்டறைக்குத் திரும்பினேன். இருப்புக் கொள்ளவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்த்தேன். அண்ணி திருத்தியதுதான் திருத்தியது, என்னுடையதைத் தவிர ஒரு எழுத்து உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி பதில் போட்டால் அது அண்ணனுக்குத்தான் போகும். அவர் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்குப் போன் வந்தது.

"வந்திருக்குடா. படிக்கறேன் கேளு." தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கடிதத்தின் தேதியிலிருந்து ஆரம்பித்தார். "'உங்கள் தம்பியைத் திங்கட்கிழமை காலை வந்து நாற்பது தராசுகளையும் பார்வையிடச் சொல்லவும்.' கீழ கையெழுத்து. அப்புறம் அவங்க போன் நம்பர். அவ்வளவுதான்."

பட்டறையில் நாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கியாடா? கேட்டுச்சா இல்லையா? மறுபடி படிக்கவா?"

"படிங்கண்ணா" என்றேன்.