கதவைச் சாத்திவிட்டுப் போகவும்

இயக்குநரின் முதல் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்ட அன்று, படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே அரங்கு முழுக்கக் கழுவாத ஆட்டுக்குடல் நாற்றம் அடித்தது. எல்லோரும் முதலில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் செருப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். கழிவுநீர்க் குழாய்தான் உடைந்திருக்கும் என்று அரங்கின் மேலாளர் பிளம்பரை வரவழைத்தார். பிளம்பர் சுவரோரக் குழாய்களை எல்லாம் தட்டி முகர்ந்துவிட்டுத் திரையைக் கைகாட்டினார். "சார், நாத்தம் அங்கேருந்து வருது. அது என் வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து மிச்சப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

திரையில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது இயக்குநரின் அம்மாவின் கைகள். அம்மாவுக்கு இறைச்சிக்கூடத்தின் பின்கட்டில் குடல் கழுவும் வேலை. குடலைத் திருப்பிப் போட்டு, உள்ளே இருக்கிற சாணியைப் பிழிந்து, சுண்ணாம்பு தடவி, கத்தியின் முதுகால் சுரண்டி, வெள்ளைத் துணி மாதிரி ஆக்கி வாளியில் போடுவாள். அந்த வாளிகளால்தான் மகள் படித்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'குடல்' என்று பெயர். கல்லூரியில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், ஆனால் சாப்பிடும்போது மட்டும் எல்லோருக்கும் வேறு மேஜையில் ஏதோ வேலை வந்துவிடும். திரைப்படம் படிக்கப் போன இடத்தில் ஏழைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். பேசிவிட்டுப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அவள் வாயைத் திறக்காமல் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவள் படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. 'கட்' என்ற சொல்லை அவள் சொல்லமாட்டாள். யாரைப் படம் பிடிக்கிறாளோ, அவர் தன் வேலை முடிந்து "ஆச்சு" என்றால்தான் கேமரா நிற்கும். அம்மா ஒரு வாளிக் குடலையும் கழுவி முடித்து "ஆச்சுடி" என்றாள். அதுதான் படத்தின் கடைசிக் காட்சி என்று நினைத்துத்தான் மகள் எடுத்தாள். பிறகு அதையே முதலில் வைத்தாள்.

வெளியூர் விழாக்கள் படத்தைக் கூப்பிட்டன. நடுவர்கள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே 'அப்பட்டமான உண்மை' என்றார்கள். அம்மாவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள், திரும்பும்போது அந்தக் கையைத் தங்கள் உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டு போனதை மகள் பார்த்தாள். பாராட்டுக்குக் குறைவில்லை, ஆனால் எந்தத் திரையரங்கும் படத்தை வாங்கவில்லை. கடைசியில் ஒரு விநியோகஸ்தர் வந்தார். உடம்பில் எப்போதும் அத்தர் பூசியிருப்பதால் ஊரில் அவரை வாசனைக்காரர் என்பார்கள். "படம் பிரமாதம்மா. எல்லாம் அப்படியே இருக்கட்டும். நாத்தத்த மட்டும் எடுத்துடு" என்றார்.

படத்தொகுப்பாளர் ஒவ்வொரு காட்சியாக எடுத்துப் பார்த்தார். நாற்றம் முழுக்க அந்தக் கைகள் வரும் காட்சியில்தான் இருந்தது. அதை வெட்டினால் படம் பன்னீர். மகள் முடியாது என்றாள். பல மாதம் முடியாது என்றாள். அதற்குள் கூடப் படித்தவர்கள் ஏழைகளைப் பற்றி ஆளுக்கொரு படம் எடுத்து, மணக்க மணக்க ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் அலுத்துப்போய்ச் சொன்னாள்: "என் மூஞ்சியா வருது அதுல? வெறும் கைதானே. வெட்டித் தொலைடி. நாலு பேரு பாக்கட்டும்." மகள் வெட்டினாள். படத்தொகுப்பாளர் கத்திரியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். வெட்டிய சுருளை அவள் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

படம் வெளியான அன்று காலையில் அம்மாவின் விரல்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. வலியில்லை. விரல்கள் இருந்தன, பிடித்தன, சொறிந்தன, தெரியவில்லை, அவ்வளவுதான். புதிய ஊர் ஒன்றில் படம் திரைக்கு வந்தால் மறுநாள் இன்னும் கொஞ்சம் போகும். மழையில் அரங்குகள் மூடிக் கிடந்த வாரத்தில் அப்படியே நின்றது. திறந்ததும் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியது. இறைச்சிக்கூடத்துக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். "அக்கா, நீ சுத்தமாதான் கழுவுற. ஆனா குடல் தானா எந்திரிச்சுத் தானா திரும்புறதப் பாத்தா வர்றவன் ஓடுறான்" என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அம்மா ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்தாள். படமோ ஓடு ஓடென்று ஓடியது. ஜனங்கள் அழுதுவிட்டு, வெளியே வந்து மூக்கைச் சிந்திவிட்டு, நல்ல பசியோடு சாப்பிடப் போனார்கள்.

மகள் வாசனைக்காரரிடம் போய்ப் படத்தை நிறுத்தச் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். அவர் கண்கலங்கிவிட்டார். கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, "கை தெரியாத அம்மா. என்னமா இருக்கு! இதையே அடுத்த படமா பண்ணு. நான் எடுக்கிறேன்" என்றார். மகளுக்கு அங்கேயே அருவருப்பு வந்தது. அவர் மேல் பாதி, கத்திரியைப் பிடித்த தன் கை மேல் பாதி. அந்த அறையின் பூந்தொட்டியில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நாட்டின் பெரிய விருது அந்தப் படத்துக்குத்தான் என்று அறிவித்தபோது அம்மா கழுத்து வரை போயிருந்தாள். கண்ணாடி முன்னால் சேலைக்கு மேலே ஒரு தலை மட்டும் நின்று, காற்றில் மிதக்கும் சீப்பால் முடியை வாரிக்கொண்டிருந்தது. "கண்ணு வரைக்கும் வந்துட்டா நான் எப்படிப் படம் பாப்பேன்? அதச் சொல்லு மொதல்ல" என்று கேட்டது. விருது நாளில் படத்தை ஓட்டிக்காட்டுவார்கள். மறு வாரத்திலிருந்து இன்னும் ஏராளமான ஊர்களில் திரையிடுவதாக ஏற்பாடு. அத்தனை ஊரும் திரையிட்டால் முகம் மிஞ்சாது. மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள்.

விருது நாள், பிற்பகல் காட்சி. புரொஜக்டர் ஓட்டுபவர் டின்னைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏம்மா, வேலை போயிடுமே எனக்கு" என்றார். "எங்கம்மாவே போயிட்டிருக்காங்கண்ணே" என்றாள் அவள். அவர் சுருளைத் தானே அதன் இடத்தில் ஒட்டி, விளக்கைப் போட்டார்.

அம்மாவுக்குக் கடைசி வரிசையில், கதவோரத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். அன்று அவளுக்குத் தாடையும் இல்லை. நாற்றம் முதல் வரிசையிலிருந்து தொடங்கியது, அங்கேதான் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதே நேரத்தில் படம் ஓடிக்கொண்டிருந்த எல்லா ஊர் அரங்குகளிலும் நாற்றம் எழுந்ததாகப் பிறகு தெரியவந்தது. ஜனங்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். வாசனைக்காரர் தன் அத்தர் புட்டியை இருக்கைகள் மேல் கவிழ்த்தார். குடலும் அத்தரும் கலந்து இன்னும் கேவலமானது. நடுவர்களால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை, ஏனென்றால் படம் உன்னதம் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூச்சை அடக்கி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார்கள். அருகில் இருந்தவர்கள் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மகள் திரையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை வந்தது. கழுத்து வந்தது. மடியில் கிடந்த கையுறைகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுந்தன. சுண்ணாம்பு அரித்த பத்து விரல்கள் வெளியே வந்தன. ஓடுகிறவர்கள் திறந்துபோட்ட கதவு வழியாக வெயில் உள்ளே விழுந்து, திரையில் பாதியை அழித்துக்கொண்டிருந்தது. அம்மா புதிதாக வந்த கையை நெற்றியில் வைத்து மறைத்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"ஏண்டி, போறவங்களக் கதவச் சாத்திட்டுப் போகச் சொல்லேன். என் கை வருது, ஒண்ணுமே தெரியல."

மகள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அம்மா திரையில் "ஆச்சுடி" என்று சொல்லும் வரை கதவின் மேலேயே முதுகைச் சாய்த்து நின்றாள்.

விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வாசனைக்காரர் அத்தர் வியாபாரத்துக்கே போய்விட்டார். அன்று உட்கார்ந்திருந்த நடுவர்களிடமிருந்து அந்த நாற்றம் கடைசி வரை போகவில்லை. எல்லோரிடமும் ஒரே நாற்றம் என்பதால் அவர்களுக்குள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, குழுக்களில் இன்றும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். அம்மாவை இறைச்சிக்கூடத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இயக்குநர் அதற்குப் பிறகு தோல் பதனிடுபவர்களைப் பற்றி, சாக்கடைக்குள் இறங்குபவர்களைப் பற்றி, பிணம் கழுவுபவர்களைப் பற்றிப் படங்கள் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் அதனதன் நாற்றம் இருந்தது. அரங்குகள் கிடைக்காததால் இறைச்சிக்கூடத்தின் கிடங்கில்தான் காட்டுகிறார். கதவில் ஒரு பலகை தொங்குகிறது: 'பொறுக்க முடியாதவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போகவும்.' பெரும்பாலும் சாத்திவிட்டுத்தான் போகிறார்கள்.