காலண்டர் மட்டும் தெளிவாக

கோஹருவின் படங்களைக் கணினியில் திறந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறாது. ஏழு வயதுப் பெண், சிவப்புக் கிமோனோ, மடியில் கொக்குப் படம் போட்ட நீள மிட்டாய்ப் பை. கோயில் மண்டபத்தில் பூசாரிக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி அவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கண். கொண்டைப் பூவுக்குப் பக்கத்தில் இன்னொரு பூ.

எல்லாமே ஸ்டாண்டில் வைத்து எடுத்தவை. ஸ்டாண்டில் நிற்கும் கேமரா ஆடுமா என்று கேட்கலாம். ஆடும், பட்டனை அழுத்துகிற விரல் நடுங்கினால்.

எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. இதே ஸ்டூடியோவில், பிள்ளைகளுக்குக் கிமோனோ உடுத்திக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் இதே நவம்பர் சீசனில், அவர் எடுத்த படங்கள் கலங்கலாக வந்தன. கேமராவைத் திட்டினார், ஸ்டாண்டை மாற்றினார். அடுத்த வருடம் சூப் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டியது. நடுக்க நோய் என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. இப்போது எனக்கும் அந்த வயதுதான்.

கையை நீட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. உற்றுப் பார்த்தால் ஆடுவது போல இருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தால் மேசையே ஆடியது. பயந்தவள் கண்ணை நம்பவே கூடாது.

"என்னடி ரித்சு, கையை அப்படி முறைக்கிறே? மோதிரம் காணோமா?"

கயோ அக்கா. என்னைவிட மூத்தவள். பிள்ளைகளுக்குக் கிமோனோ உடுத்தி, முதுகில் இடுப்புப் பட்டையை முடிச்சுப் போட்டு விடுவது அவள் வேலை. படம் எடுப்பது என் வேலை. அப்பா போனபின் இந்தக் கடை எங்கள் நாலு கைகளில்தான் ஓடுகிறது. மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெட்டிலை வைத்துவிட்டு என் பின்னால் வந்து திரையைப் பார்த்தாள். மூடுவதற்கு எனக்கு நேரமில்லை.

அவள் முகம் மாறியது. அவளுக்கும் அப்பாதான் ஞாபகம் வந்திருப்பார்.

"எத்தனை படம் இப்படி?"

"மண்டபத்துல எடுத்தது எல்லாமே. நாளைக்கு நகாதானி அம்மா அவங்க பொண்ணோட ஆல்பம் பார்க்க வராங்க. அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

"வாயை மூடு. சோதிச்சுப் பாக்காம ஒப்பாரி வைக்காதே."

சோதனை சுலபமானது. கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, தானே சொடுக்கும்படி டைமரை வைத்துவிட்டு, தொடாமல் தள்ளி நிற்க வேண்டும். அப்போதும் கலங்கினால் கோளாறு கேமராவில். தெளிவாக வந்தால் கோளாறு என்னிடம். எதிரே பொடி எழுத்துக்கு ஒரு செய்தித்தாள் வேண்டும், அவ்வளவுதான்.

"அந்தப் பேப்பரை எடுத்து நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கோ அக்கா."

"பிடிக்கறது என்ன? சுவத்துல ஒட்டிடலாமே. டேப் எங்கே?"

"டேப்புக்கு எங்க போறது இப்போ? சும்மா பிடி."

"வண்டியில இருக்கும், போய் எடுத்துட்டு..."

"அக்கா!" என்று கத்திவிட்டேன். "இங்க என் உசிரே போகுது. ஒரு பேப்பரைப் பிடிக்க உனக்கு இவ்வளவு பிகுவா?"

அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். பிறகு பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டு, கோயில் காலண்டர் தொங்குகிற சுவரில் சாய்ந்து நின்றாள். டைமரைத் தட்டிவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சொடுக்கியது.

கலங்கல். பேப்பர், அக்கா, காலண்டர், எல்லாம் இரட்டை இரட்டை.

போன உயிர் திரும்பி வந்தது. "என் கை படவே இல்லை! பாத்தியா, படவே இல்லை!" என்று குதித்தேன்.

"அப்போ கேமரா கெட்டுப் போச்சா?" என்றாள் அக்கா. "லென்சுக்குள்ள ஏதோ முனகுதே, எனக்கு இங்க வரைக்கும் கேக்குது."

காதை வைத்துக் கேட்டேன். அப்புறம் லென்சின் பக்கவாட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். கை நடுக்கத்தைச் சரிக்கட்டுகிற ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. கையில் பிடித்து எடுக்கும்போது அது உதவும். ஸ்டாண்டில் வைத்தால் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இல்லாத நடுக்கத்தைத் தேடித் தேடி அதுவே ஆடித் தொலைக்கும். கோயில் முற்றத்தில் சரளைக்கல் மேல் கோஹரு ஓட, பின்னாலேயே ஓடிக் கையில் பிடித்து எடுத்தேன். பூசாரி அவசரப்படுத்தியதும் அப்படியே ஸ்டாண்டில் மாட்டிவிட்டேன். கற்றுக்குட்டி செய்கிற தப்பு. அந்தத் தப்பைத்தான் செய்தேன் என்று தெரிந்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. அசையாம நில்லு." ஸ்விட்சை மட்டும் அணைத்து, வேறு எதையும் மாற்றாமல் டைமரைத் தட்டினேன். சொடுக்கியது.

பெரிதாக்கிப் பார்த்தேன். காலண்டரில் தேதிக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. அக்காவின் கண்ணாடிச் சட்டத்தில் இருந்த குட்டித் திருகாணி பளிச்சென்று தெரிந்தது. சிரித்துக்கொண்டே படத்தைக் கீழே நகர்த்தினேன்.

பேப்பரில் ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் சாம்பல் கோடுகள். அதைப் பிடித்திருந்த விரல்களும் கோடுகள்தான்.

கேமரா ஆடினால் காலண்டரும் ஆடியிருக்கும். முகம் தெளிவாக இருக்கிறது. கை மட்டும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். சரசரவென்று மெல்லிய சத்தம். கெட்டில் என்றே இதுவரை நினைத்திருந்தேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அக்கா இன்னும் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்தச் சீசன் முழுக்க அவள் பிள்ளைகளின் அம்மாக்களிடம், "இந்தப் பட்டை நுனியைக் கொஞ்சம் பிடிங்கம்மா, குளிர்ல விரல் விறைக்குது" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். இங்கே எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறோம், யாருக்குத் தெரியும்? ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நல்லா வந்திருக்கா?"

"காலண்டர் நல்லா வந்திருக்கு."

அக்கா பேப்பரை இறக்கி நாலாக மடிக்கப் பார்த்தாள். மடிப்பு கோணலாக விழுந்தது. "எனக்குத் தெரியும்டி," என்றாள். "ஏப்ரல்ல செர்ரி பூத்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்குப் பிடிச்சே?"

"நீ கையை முறைச்சிட்டு உக்காந்திருந்தியே, அதைப் பாத்தேன். நானும் குளியலறையில அப்படித்தான் உக்காந்திருந்தேன். உன்னோடதாவது நல்லாருக்குன்னு உனக்குத் தெரியட்டும்னு நினைச்சேன்."

எனக்கு அழுகையைவிடக் கோபம் முந்திக்கொண்டது. "டாக்டர்கிட்ட போனியா?"

"இல்லை."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு. வேற என்ன?"

கெட்டில் கொதித்து வழிந்தது. இரண்டு பேரும் அதன் பக்கம் போகவில்லை. திரையில் அவள் முகம் நிதானமாக, அத்தனை தெளிவாக என்னைப் பார்த்தது. அதை அழித்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"அழிக்காதே. டாக்டர் கேட்டா காட்டணும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "கோஹருவை மறுபடி எடுக்கணும்னா மறுபடி உடுத்தணும். முடிச்சு யார் போடறது?"

நகாதானி அம்மாவைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். ஆனால் ஆஸ்பத்திரி எண்ணைத்தான் தேடினேன். எண்ணை அழுத்துகையில் விரல் வழுக்கித் தப்பாகப் பட்டது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும் தப்பு.

"பாரு," என்றாள் அக்கா, "இப்போ உனக்கும்தான் நடுங்குது."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. போனை அவள் வாங்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. மூன்றாவது தடவை அவள் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் அழுத்தினேன். ஆஸ்பத்திரி எண் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.