கிணற்றுக்குத் தகுதி உண்டு

…சிரிக்க வைக்கத்தான் சொன்னாள், வேறு எதற்கும் இல்லை, யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, ஒருவேளை அப்படி நினைத்தே சொல்லியிருந்தால் இப்போது இவ்வளவு கூசாதோ என்னவோ… பஸ் அமரவிளைப் பாலத்தில் ஏறியபோது ஷிஜா மடியிலிருந்த அட்டைக் கோப்பினை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அட்டைக்குள் பழைய செய்தித்தாள்கள், அவற்றுக்கு நடுவே அழுத்தி உலர்த்திய இலைகள், ஒவ்வொன்றின் கீழும் அபிஷாவின் சாய்ந்த எழுத்தில் செடியின் பெயர், கிடைத்த இடம், தேதி. பதினெட்டோடு நின்றுவிட்டது. அபிஷா முகாமைவிட்டுப் போன பிறகு கட்டிலுக்கடியில் கிடந்ததை ஷிஜாதான் கண்டெடுத்தாள், கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி யாரும் அவளை அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகாமின் கவுன்சிலர்களுக்கு ஓய்வு, மற்றவர்கள் துணி துவைக்கவும் தூங்கவும் போயிருந்தார்கள், இவள் மட்டும் நெய்யாற்றின்கரை வந்து களியக்காவிளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கூரியரில் அனுப்பியிருக்கலாமே? அனுப்பினால் இலை நொறுங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இலை நொறுங்கும் என்பது உண்மைதான். உண்மையை வைத்தே பொய் சொல்ல எப்போது இவ்வளவு நன்றாகப் படித்துக்கொண்டாள்?

பல்கலைக்கழகத்தின் கோடை அறிவியல் முகாம், மூன்று வாரம், காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை பொறுக்கியெடுத்த பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். பகலில் அவர்கள் பேராசிரியர்களுடைய பொறுப்பு, மற்ற நேரமெல்லாம் கூடவே விடுதியில் தங்கும் கவுன்சிலர்களுடைய பொறுப்பு. ஷிஜாவுக்குப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள். ஐந்தரைக்கு எழுப்ப வேண்டும், எண்ண வேண்டும், காய்ச்சலுக்கு மாத்திரை, வயிற்றுவலிக்கு வெந்நீர்ப்பை, குளியலறைச் சண்டைக்குத் தீர்ப்பு, போனை வாங்கிப் பூட்ட வேண்டும், அரைமணி நேரம் கொடுக்க வேண்டும், மறுபடி பூட்ட வேண்டும்… சமூகப்பணி படித்து முடித்து இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தபிறகு கிடைத்த வேலை. நன்றாகச் செய்தால் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மையத்தில் ஓர் இடத்துக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்று முகாமின் பொறுப்பாளர் பிரேமகுமாரி மேடம் சொல்லியிருந்தார். பயிற்சியின் முதல் நாள் அந்த மேடம்தான் பலகையில் பெரிதாக எழுதிப் போட்டார், பிள்ளைகள் உங்களிடம் சொல்வது உங்களிடமே நிற்கட்டும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் என்னிடம் வாருங்கள் என்று. ஷிஜா அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டாள். இரண்டு கோடு. எதற்கு இரண்டு?

உதியன்குளங்கரையில் பஸ் வெகுநேரம் நின்றது, முன்சீட்டுக்காரி காலடியில் வைத்திருந்த பலாச்சக்கையின் வாசம் பஸ் முழுக்க நிறைந்து கிடந்தது. அன்று மாடியில் அந்தக் கண்ணாடிச் சில்லு மட்டும் கிடக்காமல் இருந்திருந்தால்… முகாமில் எல்லாம் மலையாளம், வகுப்பில் இங்கிலீஷ். ஷிஜாவின் தனுவச்சபுரம் வீட்டில் தமிழ்தான், ஆனால் கல்லூரியில் முதல் வருடம் ஒருத்தி அவள் காதுபட, தமிழரைக் கேலிசெய்யும் பாண்டி என்ற வார்த்தையைச் சொல்லிச் சிரித்த நாளிலிருந்து அந்தத் தமிழை வீட்டு வாசலோடு கழற்றி வைத்துவிட்டு வரப் பழகியிருந்தாள், அவளுடைய மலையாளத்தைக் கேட்டால் கோட்டயத்துக்காரி என்றுகூட நினைப்பார்கள், நினைத்திருக்கிறார்கள், அவளும் இல்லை என்று சொன்னதில்லை. அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அபிஷா வெறுங்காலோடு பின்னால் நகர்ந்ததைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது, "ஏட்டி, காலு! குப்பிச்சில்லு கெடக்கு மக்கா!" அபிஷா அப்படியே நின்று திரும்பினாள், முகம் முழுக்க வெளிச்சம். "அக்கா… நீங்க நம்ம பேச்சா!" பிறகு எல்லாச் சாயங்காலமும் மாடிதான். பதினாறு வயதுப் பிள்ளை நாலைந்து நாளாக அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் கொட்டினாள். அப்படித்தான் அதையும் சொன்னாள், சிரித்துக்கொண்டே, "எங்களுக்க வீடு தமிழ்நாடாக்கும் அக்கா, கெணறு கேரளா. அம்மை காலத்த கேரளாவில போய் தண்ணி கோரி தமிழ்நாட்டில சாயை போடுவா." ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்ததெல்லாம் பாறசாலையில், ரேஷன் கார்டு மட்டும் தமிழ்நாட்டுப் பக்கம். முகாமோ கேரளத்தில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும். அதனால் விண்ணப்பத்தில் தாய்மாமன் ராஜனுடைய விலாசத்தைக் கொடுத்திருந்தாள், எல்லைக்கு இந்தப் பக்கம், நடந்தால் ஐந்து நிமிடம். "யாருட்டயும் சொல்லாண்டாம் கேட்டியளா." "நான் யாருட்ட மக்கா சொல்லப்போறேன்?" என்றாள் ஷிஜா, சொன்னபோது அது சத்தியமான வார்த்தையாகத்தான் இருந்தது…

யாரிடம் சொன்னாள்? செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குச் சாயை குடிக்கும் மேசையில், மேடம், இரண்டு பேராசிரியர்கள், ஆண்பிள்ளைகளின் கவுன்சிலர் ரதீஷ், எல்லாருக்கும் முன்னால். ரதீஷ் வேடிக்கையாகப் பேசுவான், அன்றும் ஏதோ ஒரு பையன் சோதனைச்சாலைத் தவளைக்குப் பெயர் வைத்த கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். அந்த மேசையில் பத்து நாளாக ஷிஜா தலையாட்டிக்கொண்டு மட்டுமே இருந்தாள், யாரும் அவள் பக்கம் திரும்புவதில்லை, தன்னிடமும் ஒரு கதை இருக்கிறதே என்று அந்த நிமிடம் தோன்றியது, அவ்வளவுதான், அவ்வளவேதான்… தொடங்கியதும் எல்லாரும் திரும்பினார்கள். மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வந்து அபிஷாவின் பேச்சு வரும் இடத்தில் அவளைப் போலவே பேசிக் காட்டினாள், அந்த நீட்டலை, அந்த 'ஆக்கும்' என்பதை. தன் அம்மா பேசுவதும் அப்படித்தான். அது அப்போது நினைவுக்கு வரவேயில்லையா, இல்லை வந்தும்… கடைசியில், ஆகவே முகாமில் சேரக் கிணற்றுக்குத்தான் தகுதி உண்டு, பிள்ளைக்கு இல்லை என்று முடித்தாள். மேசை குலுங்கச் சிரித்தார்கள். ரதீஷ் கைதட்டினான். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்! சிரித்து முடித்து மூத்த பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏது குட்டியா?" என்று கேட்டார். அங்கே நிறுத்தியிருக்கலாம். பேர் மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மேடத்தின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனதைப் பார்த்துக்கொண்டேதான் பெயரைச் சொன்னாள்.

மறுநாள் காலையில் மேடம் அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. காத்திருப்புப் பட்டியலில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அத்தனை பேர் கேட்டபிறகு நான் கேட்கவில்லை என்று இருக்க முடியாது என்றார், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அது அவிடெ பறயண்டாயிருந்நு, ஷிஜே," என்றார், அதை அங்கே வைத்துச் சொல்லியிருக்க வேண்டாம் என்று. அவ்வளவுதான். மத்தியானம் அபிஷாவை அழைத்துப்போக ராஜன் மாமா ஆட்டோவில் வந்தார். பெட்டியில் துணி மடித்து வைக்க ஷிஜாவே கூட நின்றாள், அறைத்தோழி நிவ்யா, பையன்னூர்க்காரி, கட்டிலில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள், அபிஷா அழவில்லை, ஒரு சட்டையை மூன்று தடவை மடித்துவிட்டுக் கேட்டாள், "யாரு அக்கா சொன்னது?" "எனக்கு அறியாது மக்கா." எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தப் பதில்…

இஞ்சிவிளையில் இறங்கினாள். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சந்தில் அபிஷாவின் அப்பா பெயரைச் சொல்லி வழி கேட்டுக் கேட்டு நடந்தாள். வழி சொன்ன பெண், "சுவாமிதாஸுக்க வீடா, அந்த மஞ்ச மதிலு," என்றாள். மதிலுக்கு இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் வீடு, நடுவில் பத்து அடி மண். அபிஷா சொன்னபோது அது எவ்வளவு வேடிக்கையாக இருந்தது, இங்கே நின்று பார்த்தால் ஒரு குடம், ஒரு வாளி, துணி துவைக்கிற கல்… அபிஷாவின் அம்மா விமலகுமாரி ஆராதனை முடிந்து வந்த சேலையைக்கூட மாற்றாமல் ஓடிவந்தாள். "வாருங்க டீச்சரே, உள்ள வாருங்க, இவ்வளவு தூரம் எதுக்கு வந்திய?" டீச்சரல்ல மாமி என்று ஷிஜா சொன்னது அவள் காதில் விழவில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் முன்னால் வந்தன. "அங்க நம்ம பேச்சு பேச நீங்க ஒருத்தி இருந்தியண்ணு இவ நூறு தரம் சொல்லியாச்சு. தப்பு எங்க பக்கமாக்கும் டீச்சரே. வேற விலாசம் குடுக்காண்டாம்ணு இவளுக்க அப்பா அப்பமே சொன்னாவ. இப்ப சபையில கேக்கியவங்ககிட்ட பிள்ளைக்குப் பனியாக்கும், அதனால வந்திற்றாண்ணு சொல்லிட்டிருக்காவ." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட யாராவது கேட்டாலும் பனிண்ணு சொல்லணும், கேட்டியளா," என்றாள். ஷிஜா தலையாட்டினாள். சபையில் அந்த அப்பா காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. மீன் நன்றாக இருக்கிறது மாமி என்று சொல்லி இன்னொரு கவளம் எடுத்தாள்.

அபிஷா உள்ளேயிருந்து வந்தாள். கோப்பைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாங்கித் திறந்து, ஒவ்வோர் இலையாகத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் ஒடியல்ல அக்கா!" என்றாள். "இருபத்தஞ்சு தெகையணும். மிச்சம் ஏழு நான் இங்கேருந்தே சேக்கப்போறேன்." அம்மா சாயை போட அடுக்களைக்குப் போனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அது யாருண்ணு எனக்குத் தெரிஞ்சு போச்சு அக்கா." ஷிஜாவின் கை தட்டிலேயே நின்றது. "நிவ்யாவாக்கும். ஒரு நாளு நான் அம்மைகிட்ட போனில பேசச்சில அவ கேட்டுட்டு நிண்ணா. அவளைத் தவிர யாரு உண்டு? தெனமும் விளிக்கா. நான் எடுக்கல்ல. நேத்து மெசேஜ் போட்டேன், இனி எனக்க முகத்தில முழிக்காதேண்ணு." நிவ்யா… மூன்று நாளாகச் சாப்பிடாமல் தட்டை அளைந்துகொண்டிருந்தவள், நேற்று போன் கொடுக்கும் நேரம் முடிந்து அறை மூலையில் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக் கிடந்தவள், என்ன மோளே என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை சேச்சி என்றவள். சும்மா இருந்துவிட்டால் எல்லாம் நிவ்யாவோடு போய்விடும், பையன்னூர் எங்கே, இஞ்சிவிளை எங்கே, இவர்கள் இரண்டு பேரும் இனிச் சந்திக்கவே போவதில்லை, சும்மா இருந்தால் போதும், தட்டிலிருப்பதைச் சாப்பிட்டு முடித்துக் கைகழுவினால் போதும்…

"நிவ்யா இல்ல மக்கா. நானாக்கும்."

அபிஷாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிவது முகத்தில் தெரிந்தது. "நீங்களா? எதுக்கு அக்கா?" எதுக்கு? பதில் ஒன்றே ஒன்றுதான், அது நாக்கில்தான் இருந்தது, சிரிக்க வைக்க, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்க, நீ பேசுகிற மாதிரி பேசிக் காட்டினேன் மக்கா, கிணற்றைச் சொல்லிச் சிரித்தோம்… அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "அது… சட்டம் அப்படியாக்கும்," என்று சொல்லும் தன் குரலை ஷிஜா கேட்டாள். "பிள்ளைக இந்த மாதிரி எதாவது சொன்னா நாங்க மேடத்துகிட்ட சொல்லியே தீரணும். சொல்லல்லேண்ணா எனக்க வேலை போயிரும்." அபிஷா இலைக் கோப்பை மூடினாள். "பின்ன அண்ணைக்குக் கேக்கச்சில எதுக்கு அறியாதுண்ணு சொன்னிய?" "பேடிச்சுப் போனேன் மக்கா." இது உண்மை. இந்த ஒரு வார்த்தை உண்மையாக இருந்ததனால் ஷிஜாவின் கண் நிறைந்தது, கண் நிறைந்ததனால் முன்னால் சொன்னதும் உண்மையைப் போலவே ஆகிவிட்டது. அபிஷா கோப்பின் நூலை விரலில் சுற்றினாள், பிறகு சுற்றியதை அவிழ்த்தாள். "டியூட்டி அல்லியா அக்கா. உங்களுக்கும் எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்," என்றாள். சாயை வந்தது, ஷிஜா குடித்தாள்.

பஸ் நிறுத்தம்வரை அபிஷா கூடவே வந்தாள். வரும் வழியிலேயே நிவ்யாவுக்குப் போன் போட்டாள், விடுதியில் அது போன் கொடுக்கும் நேரம். "எடீ, சோரி, சோரிடீ… நீயல்லா… ஷிஜச்சேச்சியா… அல்லெடீ, டியூட்டியா, பாவம்…" அந்தப் பக்கத்திலிருந்து அழுகையும் சிரிப்பும் கலந்து கேட்டது, அபிஷாவும் கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள், நான்கு நாளுக்குப் பிறகு சிரிக்கிறாள் போல. இதுவாவது நல்லது, இதை நான்தானே செய்தேன், இதைக் கணக்கில்… ஷிஜா அந்த நினைப்பைப் பாதியில் வெட்டினாள். பஸ் வந்தது. "பிளஸ் ஒன் ரிசல்ட் வந்தா விளிக்கேன் அக்கா," என்று அபிஷா கையசைத்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, காற்று வந்தது, நெஞ்சு லேசாகியிருந்தது, அதை அவள் மறுக்க முடியாது, காலையிலிருந்து அழுத்திய ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது. மன்னிப்புக் கிடைத்ததனாலா? அவள் செய்யாத ஒன்றுக்கல்லவா அந்தப் பிள்ளை மன்னித்திருக்கிறாள்… குறுங்குட்டி கடந்தபோதுதான் அவளுக்கு மெல்லப் பிடிபட்டது. பேராசிரியர்களும் ரதீஷும் அந்த வேடிக்கையை எப்போதோ மறந்திருப்பார்கள், மேடம் இனி அதைப் பற்றி வாய் திறக்கப்போவதில்லை, உலகத்திலேயே எதுக்கு என்று கேட்க உரிமை உள்ளவள் இந்த ஒருத்திதான், அவளும் இன்று கேட்டு முடித்துவிட்டாள். இனி யாரும் கேட்க மாட்டார்கள். இந்த லேசு அதுதான்… பாறசாலையில் பஸ் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், எதிர்ப்பக்கம் இஞ்சிவிளை வழியாகப் போகும் களியக்காவிளை பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. ஷிஜா மணி பார்த்தாள். நான்குகூட ஆகவில்லை. திரும்பிப் போய் உள்ளதைச் சொல்ல நேரமில்லை என்று சொல்லிக்கொள்வதற்கும் வழியில்லாமல் அவள் அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்…