மூன்று நாள் மறைத்த தந்தி

சஸ்காச்சுவானின் வடக்கே, சாலை போகாத காட்டுக்குள் இருந்தது அந்த ஏரி. போரில் இறந்தவர்களின் பெயரை ஏரிகளுக்கு வைப்பது அந்த மாகாணத்து வழக்கம். இது லெய்ஃப் ஹாகனுடையது. குண்டுவீச்சு விமானத்தின் வாலில் துப்பாக்கியோடு உட்கார்ந்து பறந்தவன், இருபத்தொரு வயதில் ஜெர்மனியில் விழுந்தான். ஐம்பது வருடம் கழித்து அவன் அண்ணன் ஆர்னேயும் தங்கை செல்மாவும் மிதவை விமானத்தில் வந்து இறங்கினார்கள்.

"நீச்சல் தெரியாதவனுக்கு ஏரியக் குடுத்திருக்காங்க பாரு," என்றார் ஆர்னே.

"மாடு தண்ணி குடிக்கிற குட்டையிலயே முழுகப் பாத்தவராச்சே," என்று செல்மா சிரித்தார்.

விமானி பெயர்ப்பலகை பதிக்கப் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான். இருவரும் கரையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

"செல்மா, அந்தத் தந்தி சனிக்கிழமை வரல. புதன்கிழமையே வந்துருச்சு."

அந்த ஆகஸ்டில் கதிரடிப்பு மும்முரமாக நடந்தது. கோதுமை வண்டியோடு ஊருக்குப் போன ஆர்னேயிடம் ரயில் நிலையத்தில் தந்தியைக் கொடுத்தார்கள். லெய்ஃபின் விமானம் திரும்பவில்லை, ஆளைக் காணவில்லை என்றிருந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. சொன்னால் வேலை நின்றுவிடும். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடைசிக் கதிரும் அடித்து முடிந்த பிறகுதான், இன்று வந்ததென்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். லெய்ஃப் இறந்தது உறுதியானபோது அடுத்த வசந்தம் வந்திருந்தது.

"அம்மா சாகுறவரைக்கும் சொல்லல," என்றார்.

"எனக்குத் தெரியும்ணா. வியாழக்கிழமை உன் சட்டையத் துவைக்க எடுத்தேன். பையில இருந்த தந்தியப் படிச்சுட்டு அப்படியே ஆணியில மாட்டிட்டேன். அதான் அந்த வாரம் பூரா அழுக்குச் சட்டையோட திரிஞ்சே."

ஆர்னே காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ ஏன் சொல்லல?"

"கதிரடிக்க வந்த பதினாலு ஆளுக்கு ரொட்டி சுட்டுக்கிட்டே அம்மா லெய்ஃப் அண்ணனோட லெட்டரப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. இன்னும் ஒரு நாள் சிரிக்கட்டுமேன்னு இருந்துச்சு. நீயும் அதுக்குத்தான் மறைச்சேன்னு நெனச்சேன்."

"இல்ல. கோதுமைக்காகத்தான்."

செல்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "இருக்கட்டும். எதுக்காகவோ, அம்மாவுக்கு மூணு நாள் கெடச்சுதில்ல."

விமானி கூப்பிட்டான். காற்று எழும்புகிறது, கிளம்ப வேண்டும் என்றான். கடைசித் திருகாணிக்கு ஆர்னே ஸ்பேனரைக் கேட்டு வாங்கினார். விரல்கள் சரியாக மடங்கவில்லை. செல்மா பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அது அசையாமல் நிற்கும்வரை முடுக்கினார்.