நான்காவது மணி

“ஐ.சி. கிடைச்சுதா தனம்? அது இல்லாம எரிக்கப் பெர்மிட் தரமாட்டாங்க,” என்று கணவர் விஜயன் வாசலிலிருந்து மறுபடியும் கேட்டார்.

தனலெட்சுமி அண்ணனின் அலமாரியில் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் இஸ்திரி போட்டு மடித்தவை. அடையாள அட்டை எதற்கடியிலும் இல்லை.

ஹாலில் அண்ணன் சபாபதியைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மத்தியானம் போன உயிர். கிளினிக் டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் நிற்க இடமில்லாமல், ரயில்வேயில் அவரோடு சிக்னல் வேலை பார்த்தவர்கள் படிக்கட்டுவரை நின்றிருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். கொள்ளி வைக்க விஜயன்தான்.

“டெலிபோன் மேசை டிராயர்ல பாரும்மா,” என்றாள் பக்கத்து வீட்டு இராஜம்மா. “எல்லாத்தையும் அதுலதான் போட்டு வைப்பாரு.”

டிராயரில், கடையில் விற்கும் சின்ன 555 நோட்டு ஒன்றுக்குள் ஐ.சி. செருகியிருந்தது. அதை உருவி விஜயனிடம் கொடுத்தனுப்பினாள். நோட்டு கையில் தங்கிவிட்டது.

முதல் பக்கத்தில் ‘தனத்துக்குச் சொல்ல’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். கீழே தேதிகள். தேதிக்கு நேரே ஒரு வரி, சில நாள் இரண்டு. ‘கீழ் வீட்டுக் குழாய் மாத்தியாச்சு.’ ‘பாசார்ல சுறா மலிவு, விஜயனுக்குப் பிடிக்கும்.’ ‘முழங்கால் தேவலாம்.’ ஒவ்வொன்றையும் சொல்லி முடித்தபின் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து அடித்திருந்தார்.

மார்ச் ஒன்பதாம் தேதிக்குப் பிறகு எந்த வரியும் அடிக்கப்படவில்லை.

அந்தத் தேதி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கிள்ளானில் அவளுக்கு ஒரு சின்னக் கடை. கல்யாணக் கார்டு அடிப்பாள், மனு டைப் செய்து கொடுப்பாள், ஃபேக்ஸ் அனுப்புவாள். போன வருஷம் கம்ப்யூட்டர் கடை ஆ லியோங்கிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினாள். டெலிபோன் லைனையும் மோடம் வழியாக அதிலேயே சேர்த்துக் கொடுத்திருந்தான். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது அதைத் தூங்க வைத்துவிட்டுப் போவாள். யாராவது கூப்பிட்டால் நான்காவது மணியில் தானாக விழித்து, அவள் குரலில் பேசி, அவர்கள் சொல்வதைப் பதிந்து வைக்கும்.

அண்ணன் ஒருமுறை தற்செயலாக அந்த நேரத்தில் கூப்பிட்டார். அதன்பிறகு தினமும் ஒன்றரை மணிக்கே கூப்பிட ஆரம்பித்தார்.

“நான் இல்லாதப்ப எதுக்குண்ணே கூப்பிடுறீங்க?” என்று கேட்டாள்.

“நீ இருக்கறப்ப கூப்பிட்டா உன் வேலை கெட்டுப்போகும்லா. மெஷின்கிட்ட சொல்லிட்டா நீ தோதா கேட்டுக்கலாம்.”

அவளுக்கு ஒன்பது வயதில் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனார்கள். அப்போது அவருக்கு இருபத்துமூன்று. அவளுக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனவர். நேரில் இருந்தால் ‘சாப்பிட்டியா, விஜயன் எப்படி’ என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது. மெஷினிடம் மட்டும் நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் பேசினார். முதலில் சிரித்துக்கொண்டே கேட்டாள். கல்யாண சீசன் வந்ததும் அலுத்தது. அவர் பேச்சைத் தாண்டித்தான் வாடிக்கையாளர் சொன்னதைத் தேட வேண்டியிருந்தது. “சுருக்கமா சொல்லுங்கண்ணே,” என்று ஒருநாள் சொல்லியும்விட்டாள். நோட்டு அப்போது வாங்கியதாகத்தான் இருக்கும்.

மார்ச்சில் கம்ப்யூட்டருக்குக் கோளாறு வந்தது. தூங்க வைத்தால் தூங்குவதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தால் திரை எரிந்துகொண்டிருக்கும், பெட்டி கொதிக்கும். ஒருநாள் அப்படியே உறைந்துபோய், பாதி முடித்த கார்டு ஒன்று அழிந்தது. ஆ லியோங்குக்குப் போன் செய்தாள். அதை எழுப்பக்கூடிய சாமான்கள் நிறைய இருக்கும், தூங்க வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார், எது எழுப்புகிறது என்று எழுதி வை என்றான்.

எழுதினாள். கீபோர்டைத் தட்டினால் விழித்தது. பிரிண்டரைப் போட்டால் விழிக்கவில்லை. பக்கத்துத் தையல் கடைக்குப் போய்த் தன் நம்பரையே சுற்றினால் நான்காவது மணியில் விழித்தது. மௌஸை அசைத்தால் விழித்தது. அந்த நேரம் பார்த்து சாலையில் மணல் லோரி ஒன்று போனது. மேசை அதிர்ந்தது. யாரும் தொடாமலே திரை எரிந்தது.

கோளாறு மௌஸ்தான். ஆ லியோங் போனிலேயே வழி சொல்ல, எதெது எழுப்பலாம் என்று கம்ப்யூட்டருக்குள் இருந்த பட்டியலைத் திறந்து மௌஸுக்கு நேரே இருந்த டிக்கை எடுத்தாள். அதோடு முடிந்தது வேலை.

கீழே மோடத்துக்கு நேரே இன்னொரு டிக் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முடிக்க வேண்டிய கார்டு முந்நூறு. அதையும் எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டுக் கேட்டார். “மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, மெஷின் எடுக்கலியே?”

“கெட்டுப்போச்சுண்ணே. ரிப்பேருக்குச் சொல்லியிருக்கேன்.”

“அப்படியா. ஆனதும் சொல்லு.”

மூன்று வாரம் ஆகியும் அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நடுவில் ஒருநாள் கடை நேரத்தில் கூப்பிட்டார். “கஸ்டமர் இருக்காங்கண்ணே, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

‘மார்ச் 22. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கார். நெஞ்சுக்கு டெஸ்ட்.’

‘மார்ச் 25. ஏப்ரல் 2 வெள்ளிக்கிழமை டெஸ்ட். கூட ஒரு ஆள் வரணுமாம். தனத்துக்கு வேலை இருந்தா வேண்டாம்.’

‘மார்ச் 29. ராத்திரி வலி. காலையில் இல்லை.’

நேற்று முப்பதாம் தேதி. அதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

“ஐயர் கூப்பிடுறாரு, வாம்மா,” என்று யாரோ தோளைத் தொட்டார்கள். நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். வாய்க்கரிசி போடும்போது அவள் அழவில்லை. “தங்கச்சி கல்லாட்டம் நிக்குது பாரு, பாவம்,” என்று பின்னால் ஒரு பெண் சொன்னது கேட்டது. தூக்கிக்கொண்டு போகையில் படிக்கட்டுத் திருப்பத்தில் சவப்பெட்டி சுவரில் உரசியது. “மெதுவா, மெதுவா,” என்று விஜயன் கத்தினார். அந்தச் சத்தத்துக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆண்கள் போனபின் வீட்டைக் கழுவிவிட்டார்கள். இராஜம்மா காப்பி கலந்து கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நேத்து ஒன்றரை மணிக்குக் குழம்பு குடுக்க வந்தேன். போனைக் காதுல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. என்னண்ணேன்னேன். ‘தங்கச்சி மெஷினு இன்னிக்காவது ரிப்பேர் ஆயிருக்குமான்னு பார்த்தேன்’னாரு. தினம் பார்ப்பாரு. மூணு மணிக்குக் கிண்ணத்தை வாங்க வந்தா, அதே நாற்காலியில…” இராஜம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீ என்னம்மா செய்வே? மெஷின் கெட்டதுக்கு மனுசன் என்ன செய்ய முடியும்?”

“கெடலக்கா.”

“என்ன?”

“மெஷின் கெடல. நான்தான் நிறுத்தி வச்சேன். அண்ணன் பேசுறது ரொம்ப நீளமா இருக்குன்னு.”

இராஜம்மா அவளைப் பார்த்தாள். கீழே மின்ரயில் ஒன்று போய் முடிந்தது. பிறகு தனலெட்சுமியின் கையிலிருந்த டம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆறிப்போச்சு. சூடு பண்ணிட்டு வரேன்,” என்று எழுந்து போனாள். வெகுநேரம் சமையலறையிலிருந்து திரும்பி வரவில்லை.

விஜயனிடம் அவள் காரில் சொன்னாள். பெடரல் ஹைவேயில் கார் சுங்கை வேயைத் தாண்டியது. “மெஷின் எடுத்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்,” என்றார் கடைசியில்.

“வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுங்க. நாள் இருந்துச்சு. வலின்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

அவர் ரேடியோவை அணைக்கப் போனார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வேலையாக அந்தப் பட்டியலுக்குப் போய் மோடத்துக்கு நேரே டிக் போட்டாள். இதற்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை. மூன்று வாரத்தில் எந்த நாளிலும் செய்திருக்கலாம்.

ஒரு மணிக்கு அதைத் தூங்க வைத்தாள். திரை அணைந்தது, விசிறிச் சத்தம் நின்றது. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் எதிர்ச் சாரியில் மருந்துக் கடைக்கு முன்னால் இருந்த பொதுத் தொலைபேசிக்குப் போனாள். பத்துக் காசு போட்டுத் தன் கடை எண்ணை அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. சாலைக்கு அப்பால் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. நான்காவது மணியில் உள்ளே திரை வெளிச்சம் நீலமாக எழுந்தது.

“வணக்கம். தனம் கார்டு சென்டர். நான் இப்ப கடையில இல்ல. நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்.”

பீப் என்றது.

அவள் வாயைத் திறந்தாள். லோரி ஒன்று கடையை மறைத்துக்கொண்டு போனது. வெளிச்சம் மறுபடி தெரிந்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். நேரம் தீரப்போகிறது என்று போன் விட்டு விட்டுக் கூவத் தொடங்கியது.

பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்த இந்தோனேசியப் பெண், கையில் மார்க்கெட் பையோடு ஒரு அடி முன்னால் வந்தாள். தனலெட்சுமியிடம் சில்லறை தீர்ந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பர்ஸிலிருந்து ஒரு பத்துக் காசை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

தனலெட்சுமி அதை வாங்கிப் போட்டாள்.