கனடாவுக்குப் போனவர்

விவேகானந்தன் கனடாவில் இருந்தார். கண்டியிலும் வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். தம்பியிடம் போயிருக்கிறார், ஆறு மாத விசா, மார்கழியில் திரும்பிவிடுவார் என்று அவர் மனைவி றஞ்சனா கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அவர் கண்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பஸ் தூரத்தில், கலஹாவுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருந்த ஒரு பழைய பங்களாவில், குடியை விடுவதற்காகத் தங்கியிருந்தார். ஆறு மாதம் என்பது மட்டும் பொய்யில்லை. எங்கள் ஆட்களில் ஒருவரை ஆறு மாதம் காணவில்லை என்றால் கனடா என்று சொல்லிவிட்டால் போதும், மறு கேள்வி வராது. விசாரிக்கிறவருக்கும் அங்கே ஒரு தம்பி இருப்பான்.

பொய் சொன்னது மகள் மதனிக்காக. வைகாசியில் அவளுக்குச் சம்பந்தம் முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை ஆரணன், கொழும்பில் பொறியியலாளர், சாதகக் குறிப்பும் பொருந்தியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று விவேகானந்தன் வாய் நிறையக் கராம்பை மென்றுகொண்டு, சம்பந்தி குகதாசனுக்கு இரண்டு முழம் தள்ளியே இருந்து கதைத்தார். அது அவருடைய பழைய தந்திரம். பங்களாவுக்கு வந்த முதல் நாள் அவருடைய உடுப்புகளை உதறியபோது எல்லாச் சட்டைப் பையிலிருந்தும் கராம்பு கொட்டியது. அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்த மனிதர் அன்று நிலம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்னும் ஒருதரம் வைத்தியம் நடந்தது. கொழும்புப் பக்கம், இருபத்தெட்டு நாள். திரும்பி வந்தபோது கைநடுக்கம் நின்றிருந்தது, முகம் தெளிந்திருந்தது. றஞ்சனா அம்மன் கோயிலில் பொங்கினாள். ஐந்தாம் நாள் பின்னேரம் அவர் பேப்பர் வாங்கப் போனார். பேப்பர் வரவில்லை, அவர் மட்டும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கப்பட்டார். அதற்குப் பிறகு மதனி அவரோடு அதிகம் கதைப்பதில்லை. இந்தமுறை பங்களாவுக்கு வெளிக்கிடும்போதுதான் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். மணத்தோடு வருவதென்றால் மணவறைக்கு வரவேண்டாம், தாரை வார்க்க மாமாவைக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

கலியாணம் தையில். பங்களாவின் விதியோ இரக்கமில்லாதது. நடுவில் ஒரு மிடறு குடித்தாலும் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். இன்று நூற்றுப் பதினெட்டாம் நாள். இன்று தவறினால் தை போய்விடும், சித்திரையும் வந்துவிடும், மகளின் கையைப் பிடித்துக் கொடுப்பது வேறு யாரோவாக இருக்கும்.

இன்றுதான் அவரை முதன்முதலாகத் தனியே வெளியே அனுப்பினார்கள். நாலாம் மாதத்துப் பயிற்சி அது. கண்டிக்குப் போய், கால் உடைந்த மூக்குக்கண்ணாடியைத் திருத்தி, ஐந்து மணிக்குள் திரும்பி வரவேண்டும். வந்ததும் எல்லோருக்கும் நடுவில் கதிரையில் இருந்து, போய் வந்த கதையை ஒன்றும் விடாமல் சொல்லவேண்டும். எந்தக் கடையைப் பார்த்தீர்கள், எங்கே கால் தயங்கியது, யாரிடம் என்ன பேசினீர்கள், எல்லாமே. பங்களாவை நடத்துகிற செசிலியா முன்னாள் தாதி, தேயிலைத் தோட்டப் பக்கத்தில் பிறந்தவர், பொல்லாத வாய்.

"மொத மாசம் ஒடம்பு தெளியும். மூணாவது மாசம் மூள தெளியும்," என்றார் அவர், பஸ் காசைக் கையில் வைத்தபடி. "நாக்குதான் கடைசியில தெளியும். ஒரு பொய் சொல்லிட்டீங்கன்னா அதுதான் மொத கிளாஸ். பாத்துப் போயிட்டு வாங்க."

கண்ணாடி பன்னிரண்டு மணிக்குள் திருத்தியாகிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் இரண்டு வைன் ஸ்டோர்ஸ் வந்தன. முதலாவதற்கு முன்னால் தெருவைக் கடந்து மறுபக்கம் போனார். இரண்டாவதற்கு மறுபக்கமே இல்லை, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். குட்ஷெட் பஸ் நிலையத்தில் கலஹா பஸ்ஸைக் கண்டபோது கண் கலங்கிவிட்டது. வென்றுவிட்டோம் என்று நினைத்தார்.

அப்போதுதான் தோளில் ஒரு கை விழுந்தது.

"சம்பந்தியார், எப்ப கனடாவிலயிருந்து வந்தனீங்கள்?"

குகதாசன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் மடித்த மரண அறிவித்தல் ஒன்று. யாரோ பழைய வங்கிச் சிநேகிதரின் செத்த வீட்டுக்கு வெள்ளவத்தையிலிருந்து வந்திருக்கிறார். விவேகானந்தன் அரை அடி பின்வாங்கினார். நாக்கு மட்டும் பின்வாங்கவில்லை. அது இருபது வருடப் பழக்கம் உள்ள நாக்கு.

"முந்தநாள்தான்," என்றது.

பொய்க்குக் காலில்லை என்பார்கள். இந்தப் பொய்க்குக் கால் இருந்தது, அதில் றப்பர்ச் செருப்பும் இருந்தது. குகதாசன் அந்தச் செருப்பைப் பார்த்தார். பிறகு துணிப்பையைப் பார்த்தார், பிறகு தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக் கறுத்துப்போயிருந்த முகத்தைப் பார்த்தார். கனடாவுக்குப் போனவர்கள் வெளுத்தல்லவா வருவார்கள்? ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டாரைக் குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதையில்லை. வாங்கோ, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போவம் என்று கையைப் பிடித்தார். பஸ்ஸுக்கு நேரம் என்று சொல்ல முடியாது. கனடாவிலிருந்து வந்தவருக்குக் கலஹாவில் என்ன வேலை? விவேகானந்தன் பின்னால் போனார்.

போனது ஒரு ஹோட்டலின் மேல்மாடி. குகதாசன் கேட்காமலே அரைப் போத்தல் சாராயமும் சோடாவும் ஒரு டெவல் கோழியும் சொல்லிவிட்டார். செத்த வீட்டு அலுப்பு, சம்பந்தியைக் கண்ட சந்தோசம், இரண்டுக்கும் சேர்த்து என்றார். பெடியன் இரண்டு கிளாசிலும் ஊற்றினான்.

மணம் வந்தது. விவேகானந்தனின் வாயில் எச்சில் ஊறியது, உள்ளங்கை வேர்த்தது. நூற்றுப் பதினெட்டு நாளும் எங்கே போயின என்று தெரியவில்லை. பிறஷர் குளிசை எடுக்கிறேன் என்றார். ஒன்றும் செய்யாது, தானும் எடுக்கிறேன் என்றார் குகதாசன். வயிறு சரியில்லை என்றார். அதற்கு இதுதான் மருந்து என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை விரதம் என்றார். இன்று வியாழன்.

மூன்று பொய்யும் தோற்றன. ஒவ்வொரு பொய்க்கும் கிளாஸ் ஒரு விரற்கடை கிட்ட வந்தது போலிருந்தது. உண்மையில் குகதாசன்தான் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். எடுக்காவிட்டால் அவமதிப்பு. ஏன் எடுக்கவில்லை என்று சொன்னால் மகளின் கலியாணம் இந்த மேசையிலேயே முடிந்துவிடும். எடுத்தால்? ஒரு கிளாஸ், ஒரே ஒரு கிளாஸ், ஐந்து மணிக்குள் மணம் போய்விடும், வழியில் கராம்பு வாங்கினால் சரி. அந்த யோசனை தன் தலையில் இவ்வளவு சுத்தமாக, பழைய வேலைக்காரன் போலக் கைகட்டி வந்து நின்றதில் அவருக்கே பயம் வந்தது. ஆனாலும் கை போய்க் கிளாசைத் தொட்டுவிட்டது.

குகதாசன் தன் கிளாசை முடித்துவிட்டு மகனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். ஆரணனும் ஆவணியில் சிங்கப்பூருக்குப் போய் வந்தானாம், கந்தோர்ப் பயிற்சி.

"இருபத்தெட்டு நாள்," என்றார். "போய் வந்து இப்ப நல்ல சுகம். பிள்ளையார் புண்ணியத்தில ஒரு குறையும் இல்லை."

விவேகானந்தனின் விரல்கள் கிளாசில் அப்படியே நின்றன. பயிற்சிக்குப் போனவன் ஒரு மாதம் என்பான், நாலு கிழமை என்பான். நாட்களை எண்ணுகிறவர்கள் வேறு ஆட்கள். அதோடு, பயிற்சிக்குப் போய் வந்தவனுக்கு யார் நல்ல சுகம் என்று சொல்வார்கள்?

பாம்பின் கால் பாம்பறியும். தன் வீட்டில் றஞ்சனா கனடா என்று சொல்கிற அதே குரல் இது. அவர் எதிரே இருந்த மனிதரை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருமை. நித்திரை கெட்ட கருமை. றஞ்சனாவின் முகத்தில் இதை எத்தனை வருடம் பார்த்தும் பாராமல் இருந்தார்!

இப்போது கிளாஸ் பெரிய விசயமாகத் தெரியவில்லை. மதனி தெரிந்தாள். தாய் பட்டதையெல்லாம் மகள் கொழும்பில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்து படுவது தெரிந்தது. இவரிடம் கேட்கவேண்டும். கேட்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் தன் வேட்டியைத்தான் முதலில் அவிழ்க்கவேண்டும்.

அவர் கிளாசிலிருந்து கையை எடுத்தார்.

"நான் கனடாவுக்குப் போகேல்லை," என்றார். "கலஹாவில இருக்கிறன். குடிக்கு வைத்தியம். இண்டைக்கு நூற்றுப் பதினெட்டாம் நாள். பெண் பார்க்க வந்த அண்டைக்கும் நான் குடிச்சிட்டுத்தான் இருந்தனான்."

கீழே தெருவில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. விவேகானந்தன் நிற்காமல் சொன்னார், நின்றால் நாக்கு மறுபடி வேறு வழியில் போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன் தானும் போனதை, திரும்பி வந்ததை, எல்லோரும் சுகம் என்று நம்பியதை, பேப்பர் வாங்கப் போனதைச் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஆரணன் போனதும் சிங்கப்பூருக்கு இல்லைத்தானே?"

குகதாசனின் முகம் சிவந்தது. தன் பிள்ளையையும் ஒரு குடிகாரன் என்று சொல்லுகிறீர்களோ என்று கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். கலியாணம் முறிந்தது என்று விவேகானந்தன் நினைத்தார். றஞ்சனாவுக்கு என்ன சொல்வது என்றும் நினைத்தார். எழும்பிய மனிதர் போகவில்லை. வேட்டித் தலைப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டு, மெல்லக் கதிரையில் இருந்தார்.

"இருபத்தெட்டு நாள் காணாதோ?" என்று கேட்டார். செத்த வீட்டில் கேட்பது போன்ற குரல்.

"எனக்குக் காணேல்லை. ஐஞ்சாம் நாள் துவங்கிட்டன்."

"எங்களுக்குப் பதினொராம் நாள்," என்றார் குகதாசன்.

அதன் பிறகு அவர் நிறையச் சொன்னார். கலியாணம் முடித்து வைத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னதாக, தானும் அதை நம்பியதாக, நம்பாமல் இரவில் விழித்திருந்ததாகச் சொன்னார். விவேகானந்தன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அந்த இருபத்தெட்டு நாளில் உடம்பு கழுவப்பட்டது, அவ்வளவுதான். எதற்குக் குடித்தோம் என்பதே தனக்கு மூன்றாம் மாதத்தில்தான் விளங்கத் தொடங்கியது. வெளியே நடந்து பழகுவது நாலாம் மாதத்தில், அதுவும் இன்றைக்குத்தான். சற்று முன்னால்கூட இந்தக் கிளாசைத் தொட்டேன் என்றார். குகதாசன் இரண்டு கிளாசையும் பார்த்தார். பிறகு பெடியனைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொன்னார். மரண அறிவித்தலின் பின்பக்கத்தில் பங்களாவின் தொலைபேசி இலக்கத்தை எழுதினார்.

விவேகானந்தன் பங்களாப் படியேறியபோது ஐந்து இருபது. செசிலியா வாசலிலேயே நின்றார், கிட்ட வந்து மூச்சை மோந்தார், நேரம் ஏன் பிந்தியது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்கிறேன், முதலில் மகளோடு ஒரு நிமிடம் கதைக்கவேண்டும் என்று அவர் கெஞ்சினார். விதிக்குப் புறம்புதான். செசிலியா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக் கொடுத்தார்.

மதனியிடம் சுற்றி வளைக்கவில்லை. உன் மாமனாரைக் கண்டேன், நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன் என்றார். பிறகு ஆரணனைப் பற்றியும் சொன்னார்.

"எனக்குத் தெரியும் அப்பா," என்றாள் அவள்.

தெரிந்துமா சம்மதித்தாய் என்று கேட்டார்.

"பெண் பார்க்க வந்த அண்டைக்கே அவரில கராம்பு மணந்தது. ஆம்பிளையள் எண்டால் அப்பிடித்தான் மணப்பினம் எண்டு நினைச்சனான். எங்கட வீட்டு மணம்தானே எண்டு இருந்திட்டன்."

மதனியே மேலும் சொன்னாள், அழுதுகொண்டு, ஆனால் தெளிவாக. நீங்கள் ஆறு மாதத்தையும் முடித்துக்கொண்டு வாங்கோ என்றாள். அவரும் போய் முடித்துக்கொண்டு வரட்டும், தை வருசா வருசம் வரும்தானே என்றாள்.

கூடத்தில் எல்லோரும் வட்டமாக இருந்தார்கள். விவேகானந்தன் நடுக்கதிரையில் போய் இருந்து, போய் வந்த கதையைச் சொன்னார். வைன் ஸ்டோர்ஸைச் சொன்னார், முந்தநாள்தான் என்ற பொய்யைச் சொன்னார், கிளாசில் விரல் பட்டதைச் சொன்னார், வழியில் கராம்பு வாங்க நினைத்ததையும் சொன்னார். சம்பந்தி எழும்பி நின்றதை, மறுபடி இருந்ததைச் சொன்னார். மகளோடு கதைத்தேன் என்று சொல்லி நிறுத்தினார்.

செசிலியா காத்திருந்தார். ஒன்றும் விடக்கூடாது என்பதுதான் விதி.

"அவ என்னா சொன்னா?" என்று கேட்டார்.

விவேகானந்தன் திருத்திய கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு மகள் சொன்னதை, ஒரு சொல் விடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.