அன்பாய்ச் சொன்ன மறுப்பு

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழ் மகளிர் மன்றம் ஒரு நாடகம் போட்டது. கியூபெக் மாகாணத் தேர்தலில் பெண்கள் 1940 வரை வாக்களிக்க முடியாதிருந்த கதை அது. அந்த உரிமையை எதிர்த்த அரசியல்வாதியாக துஷாந்தினி மீசை ஒட்டிக்கொண்டு நடித்தாள்.

இடிபோல முழங்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வசனம் தாலாட்டாக வந்தது.

"அம்மா, நீ வீட்டின் ஒளி. தேர்தல் சேற்றில் உன் பாதம் படலாமா? அந்தப் பாரத்தை நாங்கள் சுமக்கிறோம். நீ இளைப்பாறு."

மேடை விளக்குகள் தண்ணீருக்கடியில் எரிவதுபோல மங்கின. மண்டபமே படகாக மிதப்பதுபோல் இருந்தது. அந்த இனிமையில் அவளுக்கே கண் செருகியது. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் சில ஆண்கள் மெல்லத் தலையாட்டினார்கள். அவர்களில் அவள் கணவன் குலேந்திரனும் ஒருவன்.

நாடகம் முடிந்து இருவரும் பனித்தூறலில் மெட்ரோவுக்கு நடந்தார்கள்.

"எனக்கு வெக்கமாப் போச்சு," என்றான் அவன். "கோயில் நிர்வாகத் தேர்தலிலை நிக்கப்போறன் எண்டு நீர் சொல்லேக்கை, நானும் இதைத்தானே சொன்னனான். ஆனா அன்பிலைதான் சொன்னனான்."

"அந்த ஆளும் அன்பிலைதான் சொல்லியிருப்பார்."

தெருவிளக்கின் கீழ் பனி மேல்நோக்கிப் பறப்பதுபோல் தெரிந்தது.

"நாளைக்குப் பேர் குடுக்கப் போறன்," என்றாள்.

"நானும் வரட்டே?"

"வாங்கோ. ஆனா அங்கை நான்தான் கதைப்பன்."

"ஓம்," என்றான் குலேந்திரன்.

மறுநாள் கோயிலில் அவள் கதைத்தாள். அவன் வாசலில் நின்று கேட்டான்.